அமெரிக்க அரசியல் விவாதத்தில் 'ரேஸ் கார்டு': நிஜக் குற்றச்சாட்டா, வெறும் உத்தியா?

வைகைக்கரை கேட்டது:
அமெரிக்க விவாதம் எதைப் பார்த்தாலும் பத்து நிமிடத்தில் ஒருவர் "இது இனவெறி" என்கிறார். எதிராளி உடனே "பதில் இல்லாததால் ரேஸ் கார்டை (இனப் பிரச்சினை என்னும் துருப்புச் சீட்டை) இறக்குகிறீர்கள்" என்கிறார். அதோடு பேச்சு முடிந்தது. குற்றச்சாட்டில் சரக்கு இருக்கிறதா, வாயடைக்கும் வேலையா என்று எதை வைத்துப் பிரிப்பது? 1988 அதிபர் தேர்தலில் ஒரு கறுப்பினக் கைதியைக் காட்டிய வில்லி ஹார்ட்டன் விளம்பரம் இதில் எந்த வகை?

ஒற்றைப்பனை:
'நிஜமா, உத்தியா' என்று இரண்டு கூடை வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே வாக்கியம் இரண்டுமாக இருக்கலாம்.

2019 ஜூன் 27, மயாமியில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆகப் போட்டியிட்டவர்களின் விவாதம். கமலா ஹாரிஸ் முதலில் பைடனிடம் "நீங்கள் இனவெறியர் என்று நான் நம்பவில்லை" என்றார். ஆளை விட்டாயிற்று. பிறகு செயலைப் பிடித்தார்: இனப் பிரிவினையை ஆதரித்த செனட்டர்களோடு சேர்ந்து வேலை செய்ததைப் பைடன் பெருமையாகச் சொன்னது, 1970களில் பஸ்ஸிங்கை எதிர்த்தது (கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்க வேறு பகுதிக்குப் பேருந்தில் அனுப்பும் ஏற்பாடு). இரண்டும் பதிவில் உள்ளவை, சரிபார்க்கலாம். அப்படிப் பேருந்தில் போன ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்லி "அந்தச் சிறுமி நான்தான்" என்று முடித்தார். அதே இரவில் அந்த வாசகத்தோடு டி-ஷர்ட்டும் விற்பனைக்கு வந்துவிட்டது! முன்கூட்டியே தயாரித்த அடி என்பதில் சந்தேகமில்லை. அதனால் பைடனின் பழைய நிலைப்பாடு பொய்யாகிவிடாது.

அடுத்து ஹாரிஸ் என்ன கோரினார் என்று பாருங்கள், அங்கேதான் நூல் பிரியும். ஒரு வாரத்துக்குள் நிருபர்கள் துருவியபோது, பஸ்ஸிங்கை இன்று கட்டாயமாக்கச் சொல்லவில்லை, பள்ளி மாவட்டங்கள் பரிசீலிக்கலாம் என்றார். பைடன் நின்ற இடத்துக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை.

நூலகத்தெரு:
ஹார்ட்டன் விஷயத்துக்கு வருகிறேன். கொலைக்காக ஆயுள் தண்டனையில் இருந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலம் கைதிகளுக்குத் தந்த வார இறுதி விடுப்பில் 1986-ல் வெளியே போய்த் திரும்பவில்லை; மறு வருடம் மேரிலாந்தில் ஒரு தம்பதியின் வீட்டில் புகுந்து கொடுமை செய்தார். இது உண்மை. விடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது குடியரசுக் கட்சி ஆளுநர் என்பதும் உண்மை. ஆனால் முதல் நிலைக் கொலையாளிகளை அதிலிருந்து விலக்கும் மசோதாவை 1976-ல் தடுத்தவர் அடுத்து வந்த ஆளுநர் டுகாகிஸ். 1988-ல் புஷ்ஷை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் இவர்தான்.

1988 விளம்பரங்களில் இரண்டைக் குழப்பாதீர்கள். ஹார்ட்டனின் முகத்தைக் காட்டியது வெளி அமைப்பு ஒன்று. புஷ் பிரச்சாரக் குழுவின் சுழல்கதவு விளம்பரத்தில் (கைதிகள் சுழல்கதவு வழியே வெளியே வருவதைக் காட்டுவது) ஹார்ட்டன் பெயரும் இல்லை, படமும் இல்லை. அக்டோபரில் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் "இது இனவெறி" என்று வெளிப்படையாகச் சொன்னார். அரசியல் அறிவியல் ஆய்வாளர் டாலி மெண்டல்பெர்க் 2001-ல் முன்வைத்த வாதம்: அதுவரை வாக்காளர் மனதில் சத்தமில்லாமல் வேலை செய்த செய்தி, பெயர் சூட்டப்பட்டதும் வலுவிழந்தது. அவர் கணக்குப்படி, குற்றம் சாட்டுவதே விஷமுறிவு. 2006-ல் ஹ்யூபர், லபின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் இதை மறுத்தார்கள். மறைமுகச் செய்தி நேரடிச் செய்தியைவிட வீரியமானது என்பதற்குத் தங்கள் சோதனையில் ஆதாரமில்லை என்றார்கள். மெண்டல்பெர்க்கை மட்டும் மேற்கோள் காட்டி முடிவு சொல்பவர்களை சந்தேகக் கண்ணோடு பாருங்கள்.

கடைசிபெஞ்ச்:
இந்த ஆயுதம் இடதுசாரிகளிடம் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். 2010 ஜூலை: டீ பார்ட்டி என்ற வலதுசாரி இயக்கத்தில் இனவெறி ஆட்கள் இருப்பதாக, கறுப்பினத்தவரின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி தீர்மானம் போட்டது. சில நாளில், 19-ம் தேதி, வலதுசாரி இணைய ஊடகக்காரர் ஆண்ட்ரூ பிரைட்பார்ட் ஒரு துண்டு வீடியோ போட்டார். வேளாண் துறையின் ஜார்ஜியா அதிகாரி, கறுப்பினப் பெண் ஷெர்லி ஷெராட், ஒரு வெள்ளை விவசாயிக்கு முழு மனதோடு உதவவில்லை என்று சொல்லும் பகுதி. அன்றைக்கே அவர் வேலை போயிற்று, என்ஏஏசிபியும் கண்டித்தது. மறுநாள் முழு உரை வெளியானது. அந்த எண்ணம் தவறு, சிக்கல் நிறத்தில் இல்லை, ஏழ்மையில்தான் என்று தாம் உணர்ந்ததைச் சொல்லும் கதை அது. அந்த விவசாயக் குடும்பமே முன்வந்து, எங்கள் நிலத்தைக் காப்பாற்றியவர் இவர் என்றது. வேளாண் அமைச்சர் வில்சாக் மன்னிப்புக் கேட்டார்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: துண்டு வீடியோ கிடைத்தால் அதற்கு முந்தைய, பிந்தைய வாக்கியங்களைத் தேடுங்கள். கதையின் முதல் பாதியோடு வெட்டுவதுதான் வழக்கமான கைவேலை. வெளியான தேதியையும் பாருங்கள். அதற்கு முந்தைய வாரம் யார் அடி வாங்கியிருந்தார்கள்?

வைகைக்கரை:
நன்றி. "ரேஸ் கார்டு" என்று திருப்பிச் சொல்பவரை எப்படி எடைபோடுவது?

ஒற்றைப்பனை:
அதே தராசுதான். 2008 ஜூலையில் ஒபாமா, டாலர் நோட்டுகளில் இருக்கும் அதிபர்களைப் போல நான் இல்லை என்று சொல்லி உங்களைப் பயமுறுத்தப் பார்ப்பார்கள் என்றார். மறுநாளே அவரை எதிர்த்து நின்ற மெக்கெய்னின் பிரச்சார மேலாளர் ரிக் டேவிஸ், ஒபாமா ரேஸ் கார்டைச் சீட்டுக்கட்டின் அடியிலிருந்து உருவி ஆடினார் என்று அறிக்கை விட்டார். கள்ள ஆட்டம் என்று பொருள். ஆனால் மெக்கெய்ன் தரப்பு அப்படிப் பயமுறுத்தியதற்கு ஒபாமா அங்கே சான்று காட்டவில்லை. டேவிஸும் அந்த ஓட்டையைப் பிடிக்காமல் சீட்டாட்டத்துக்குப் போய்விட்டார். அந்த உவமைகூடச் சொந்தச் சரக்கு இல்லை. கறுப்பின விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கு முடிந்ததும் 1995-ல் அவருடைய வழக்கறிஞர் ராபர்ட் ஷபிரோ தன் தரப்பைப் பற்றியே சொன்னது அது.