கதை எழுதிவிட்டேன், அனுப்பத்தான் பயம்

கேள்வி:
திருச்சியில் ஒரு மருந்துக்கடையில் கணக்கு பார்க்கிறேன், வயது 41. பழைய டைரியில் 9 சிறுகதைகள் இருக்கின்றன. கணவரிடம்கூடக் காட்டியதில்லை. ஒரு கதையில் வருவது அப்படியே எங்கள் பெரியம்மாதான், தெரிந்தால் ரகளை. பத்திரிகை முகவரி எழுதிய கவர் மூன்று மாதமாக அரிசி டின் மேல் கிடக்கிறது. நீங்களெல்லாம் எப்படித் துணிந்தீர்கள்?

பதில் 1:
புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. துவரங்குறிச்சி ராஜாத்தி வீட்டாருக்குத் தெரியாமல் ‘சல்மா’ என்ற பெயரில்தான் கவிதை எழுதினார். உங்கள் ஊர்ப் பக்கம்தானே!

பதில் 2:
பெயர் மட்டும் போதாது, ஆளையும் மாற்றுங்கள். நான் என் மேனேஜரை டீக்கடைக்காரராக்கினேன். அவரே படித்துவிட்டு, “யாருய்யா இந்தக் கஞ்சன்?” என்றார்! அப்புறம், நகல் எடுக்காமல் அனுப்பாதீர்கள். நான் ஒரு கதையை அப்படித்தான் தொலைத்தேன்.

பதில் 3:
முதலில் ஒரே ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கருத்து கேட்காதீர்கள், முகத்தை மட்டும் பாருங்கள்.

கேட்டவர்:
முகம் எங்கே பார்ப்பது, தங்கை கோவையில் இருக்கிறாள். நேற்று போனில் வாசித்தேன். பெரியம்மா வரும் இடத்தில் சிரித்தவள், “அந்த மூக்குத்தியை மட்டும் எடுத்துடு, மாட்டிப்போம்” என்றாள். எடுத்துவிட்டேன். சரி, ஜெராக்ஸ் கடை ஞாயிறு திறந்திருக்குமா?