புதுப்பிப்பு: சக்கர நாற்காலியில் அம்மா, டிஸ்னி வேர்ல்டில் எந்த அறை?

அம்மாவைச் சக்கர நாற்காலியில் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப் போகிறோம், வெளியே மலிவாகத் தங்குவதா, உள்ளேயே தங்குவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு.

முதல் இரவு வெளி ஹோட்டல். மாற்றுத்திறனாளிகளுக்கான அறை என்றுதான் பதிவு செய்தோம். குளியலறையைத் திறந்தால் கைப்பிடி வைத்த தொட்டி! அதுவும் அந்த வகையில்தான் சேர்த்தியாம். அம்மாவால் கால் தூக்கி உள்ளே வைக்கவே முடியாது, ஈரத்துண்டுதான். 'ரோல்-இன் ஷவர்' (தடுப்பு இல்லாமல் நாற்காலியோடு உள்ளே போகக்கூடிய ஷவர்) என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், கட்டிலின் உயரத்தையும் கேளுங்கள்.

மறுநாள் டிஸ்னி வேர்ல்டுக்கு உள்ளேயே இருக்கும் பாப் செஞ்சுரி ஹோட்டலில் ரோல்-இன் ஷவர் அறை கிடைத்தது. அங்கிருந்து ஸ்கைலைனர் என்ற ரோப் கார் போகிறது; சக்கர நாற்காலிக்காக அதன் கேபினை ஓரமாகத் தனியே நிறுத்துகிறார்கள், நாற்காலியோடு அப்படியே ஏறலாம். கரீபியன் பீச் ஹோட்டல் நிறுத்தத்தில் வேறு கேபினுக்கு மாறினால் எப்காட் பூங்கா. ஆனால் மின்னலடித்தால் நிறுத்திவிடுவார்கள். மேஜிக் கிங்டம் பூங்காவுக்குப் பேருந்துதான். அதிலும் சாய்தளம் உண்டு.

போன மாதம் டிஸ்னியின் கன்டெம்பரரி ஹோட்டலில் தங்கச் சொன்னவருக்கு: அங்கிருந்து மேஜிக் கிங்டத்துக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போய்விடலாம், சரிதான். வாடகையைப் பார்த்து அம்மாவே வேண்டாம் என்றுவிட்டார்.