தாத்தாவோட இருமலும் நான் சேரப்போற படிப்பும்

நான்: எல்லாருக்கும் ஒரு விஷயம். மனித உயிரியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. டாக்டர் படிப்புக்குக் கிடைக்கல. சேர்றேனா இல்லையான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். உங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க.

அம்மா: ரெண்டு நாளா சரியா தூங்கல இவன். அண்ணி, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க.

சித்தப்பா: வாழ்த்துகள்டா. ஆனா நேராவே கேட்டுடுறேன். நர்சிங் படிச்சா நர்ஸ். பார்மசி படிச்சா பார்மசிஸ்ட். இதைப் படிச்சு முடிச்சா நீ யாரு?

நான்: அதேதான் சித்தப்பா எனக்கும் பயம்.

அக்கா: வகுப்புல இருந்தேன், இப்பதான் பாக்குறேன். சித்தப்பா கேட்டது ரொம்ப சரியான கேள்வி. இந்தப் பட்டத்தை மட்டும் வெச்சுக்கிட்டு நோயாளிக்கு வைத்தியம் பாக்க முடியாது. அதுக்கு மேல, பதிவும் உரிமமும் தர்ற ஒரு தொழில்முறைப் படிப்பு வேணும். பிசியோதெரபி, நர்சிங், மரபணு ஆலோசனை, மருத்துவம் எதுவா இருந்தாலும் அப்படித்தான். நான் இதே படிப்புல சேர்ந்தப்ப இதை யாரும் சொல்லல. ரெண்டாம் வருஷக் கடைசியிலதான் புரிஞ்சுது. அன்னிக்கு ஹாஸ்டல் ரூம்ல உக்காந்து அழுதேன். உனக்கு அப்படி ஆகக் கூடாதுன்னுதான் முதல்லயே சொல்றேன்.

அம்மா: அப்ப வேண்டாங்கறியாம்மா?

அக்கா: இல்ல சித்தி, சேரச் சொல்றேன். தெரிஞ்சு சேரச் சொல்றேன். அமெரிக்கா, கனடா மாதிரி இடங்கள்ல பெரும்பாலும் ஒரு பட்டம் முடிச்சவங்கதான் மருத்துவத்துக்கே போறாங்க. வேற பல நாடுகள்ல பள்ளி முடிச்ச கையோட போறாங்க. அதனால இவன் முதல்ல பாக்க வேண்டியது, அடுத்து போக நினைக்கிற படிப்பு என்ன கேக்குதுங்கறதை. எவ்வளவு வேதியியல், புள்ளியியல் உண்டா, ஆய்வக நேரம் எவ்வளவு, நோயாளிங்களோட இருந்த அனுபவம் கேக்குறாங்களா. அதை எழுதி வெச்சுக்கிட்டு முதல் வருஷப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கணும். மூணாம் வருஷத்துல தேடினா பாதி கைவிட்டுப் போயிருக்கும்.

சித்தப்பா: அது சரிம்மா. ஆனா அடுத்த படிப்புக்குப் படிக்கட்டு மட்டும்தான்னா நேரா அதுலயே சேந்துடலாமே?

அக்கா: என்ன ஆகணும்னு இப்பவே உறுதியா தெரிஞ்சா அதுதான் நல்லது சித்தப்பா. ஒரு வருஷமும் வீணாகாது. இவனுக்கு இன்னும் தெரியல. ஆனா படிக்கட்டு மட்டும்னு நான் ஒத்துக்க மாட்டேன். தாத்தாவோட இருமல் ஞாபகம் இருக்கா?

தாத்தா: எனக்கு நல்லா இருக்கு. மூணு மாசம். ராத்திரி ராத்திரியா வறட்டு இருமல்.

அம்மா: எத்தனை சிரப் குடிச்சீங்க மாமா. எக்ஸ்ரேகூட எடுத்தோம்.

அக்கா: அப்ப நான் ரெண்டாம் வருஷம். உடலியங்கியல் வகுப்புல ரத்த அழுத்தம் நடந்துட்டிருந்துச்சு. உடம்புல ஏசிஇன்னு ஒரு நொதி இருக்கு. நுரையீரல் ரத்தக்குழாய்ச் சுவர்ல நிறைய. அது ரத்தத்துல இருக்கற ஆஞ்சியோடென்சின்-1ங்கற பொருளை ஆஞ்சியோடென்சின்-2ஆ மாத்தும். இரண்டாவதுதான் ரத்தக்குழாயை இறுக்குறது, உப்பை உடம்புலயே நிறுத்தி வெக்கறது. அந்த நொதியைத் தடுத்தா அழுத்தம் இறங்கும். தாத்தாவோட மாத்திரை செஞ்சது அதைத்தான்.

ஆனா அதே நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிராடிகைனின்னு ஒரு பொருளைச் சிதைக்கறது. மாத்திரை நொதியைத் தடுத்ததும் பிராடிகைனின் சிதையாம மூச்சுக்குழாய்ல சேருது, அங்க இருக்கற நரம்பைச் சீண்டுது. சளியே இல்லாத வறட்டு இருமல் வருது. எல்லாருக்கும் வராது, ஆனா கணிசமான பேருக்கு வரும். லெக்சரர் பலகையில அந்த ரெண்டாவது அம்பைப் போட்டதும் எனக்கு தாத்தா இருமற சத்தம் காதுல கேட்டுச்சு.

நான்: அதுக்கப்புறம்தான் நீ அன்னிக்கு ராத்திரி போன் பண்ணினியா?

அக்கா: ஆமா. மாத்திரையை நிறுத்தச் சொல்லல, அதை நல்லா கவனி. "இந்த இருமல் மாத்திரையால இருக்குமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க தாத்தா"ன்னு மட்டும் சொன்னேன். அவர் கேட்டுட்டு வேற வகை மாத்திரைக்கு மாத்தினார். அது நொதியை விட்டுட்டு, ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டற இடத்தை அடைக்கும். பிராடிகைனின் எப்பவும் போல சிதையும்.

தாத்தா: மூணாவது வாரம் இருமல் நின்னுது. பேத்தி சொன்னதை நான் இன்னிக்கு வரைக்கும் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்றேன்.

நான்: இது புத்தகத்துல "பக்கவிளைவு: வறட்டு இருமல்"னு ஒரு வரியா இருக்கும் இல்ல?

அக்கா: இருக்கும். வரியா மனப்பாடம் பண்ணினா பரீட்சை முடிஞ்சதும் போயிடும். காரணமா தெரிஞ்சா போகாது. நொதியைத் தடுக்கற அந்த முதல் வகை மாத்திரை வந்த வழியே அழகுடா. 1949ல பிரேசில்ல ரோச்சா இ சில்வா குழு, ஜரராக்காங்கற விரியன் பாம்பு விஷத்தை வெச்சு ஆராய்ச்சி பண்ணும்போதுதான் பிராடிகைனினையே கண்டுபிடிச்சாங்க. 1965ல அதே விஷத்துல பிராடிகைனினோட வேலையைக் கூட்டற பொருள் இருக்குன்னு செர்ஜியோ ஃபெரெய்ரா காட்டினார். அதுலேர்ந்து கிடைச்ச துப்பை வெச்சு உருவானதுதான் கேப்டோபிரில்ங்கற அந்த வகை மாத்திரை. அமெரிக்காவுல 1981ல அனுமதி. கடிபட்டவங்களுக்கு ஏன் ரத்த அழுத்தம் சரியுதுன்னு கேட்டவங்களாலதான் இன்னிக்கு இத்தனை பேர் மாத்திரை போட்டுட்டு நடமாடறாங்க.

அத்தை: ட்யூட்டி முடிஞ்சு இப்பதான் உக்காந்தேன். எல்லாத்தையும் படிச்சேன். நான் நர்சா 28 வருஷம். கண்ணு, ஒண்ணு சொல்றேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல வயித்துப்போக்கு வந்த குழந்தைங்களுக்கு ஓஆர்எஸ், அதான் உப்பும் குளுக்கோசும் கலந்த பொடி, தண்ணியில கரைச்சுக் குடுப்போம். எத்தனை ஸ்பூன், எத்தனை நிமிஷத்துக்கு ஒருக்கா, எல்லாம் தெரியும். குளுக்கோஸ் எதுக்குன்னு ஒரு தாய் கேட்டா. தெம்புக்குன்னு சொல்லிட்டேன். தப்பு.

நான்: தெம்புக்கு இல்லையா அத்தை?

அத்தை: சோடியம் குடல் சுவரைத் தாண்டி உள்ள போக குளுக்கோஸ் கூட வேணும். ஒரு குளுக்கோசுக்கு ரெண்டு சோடியம், ஒரே வாசல் வழியா போகும். பின்னாடியே தண்ணி போகும். காலராவுல தண்ணியா கொட்டும்போதுகூட இந்த வாசல் வேலை செய்யும், அதுதான் விசேஷம். குளுக்கோஸ் இல்லாத உப்புத்தண்ணிக்கு அந்த வாசல் திறக்காது. சர்க்கரையை அள்ளிப் போட்டா தண்ணி திரும்பக் குடலுக்கே வந்துடும், போக்கு கூடும். இதைப் பத்து வருஷம் கழிச்சு ஒரு பயிற்சியில கேட்டேன். அந்தத் தாய் முகம் இன்னும் என் கண்ணுல நிக்குது. ஏன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, வீட்டுல அளவு மாத்தாம குடுத்திருப்பா.

அக்கா: அத்தை, எங்களுக்கு இதுக்கு ஒரு முழு வகுப்பே நடந்துச்சு. அந்த ஜோடிப் போக்குவரத்தை 1960ல ராபர்ட் கிரேன் முன்வெச்சார். 1971ல வங்கதேச அகதிகள் முகாம்ல காலரா பரவினப்ப, டாக்டர் திலிப் மஹாலனபிஸ் நரம்புல ஏத்தற திரவம் தீர்ந்துபோய் இந்தக் கரைசலைக் குடிக்கக் குடுத்தார். பராமரிக்கக் குடும்பத்துக்காரங்களையே பழக்கினார். சுமார் 30 சதவீதமா இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழ வந்துச்சு.

அத்தை: படிக்கும்போது உடம்பு சிலிர்க்குது.

சித்தப்பா: சரி, நான் கேட்டதுக்குப் பாதி பதில் கிடைச்சுது. இவ்வளவு எப்படிம்மா ஞாபகம் வெச்சுக்கறீங்க? எலும்பே 206 ஆச்சே.

அக்கா: எலும்புப் பேரெல்லாம் வந்துடும் சித்தப்பா. நான் முதல் வருஷம் செஞ்ச தப்பு, பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சேன், கலர் கலரா கோடு போட்டேன். தெரிஞ்ச மாதிரியே இருக்கும். கேள்வித்தாளைப் பாத்தா கை ஓடாது. அப்புறம் புத்தகத்தை மூடி வெச்சுட்டு வெள்ளைத்தாள்ல வரைய ஆரம்பிச்சேன். எங்க தொடங்குது, எது எதைத் தூண்டுது, எது எதை நிறுத்துது. விட்ட இடத்தைச் சிவப்புல எழுதறது. மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை.

புள்ளியியலை மட்டும் தள்ளி வெக்காதடா. ஆயிரம் பேர்ல ஒருத்தருக்கு இருக்கற நோய்னு வெச்சுக்கோ. டெஸ்ட் நோய் உள்ளவரைத் தவறாம பிடிக்கும், ஆனா நோய் இல்லாதவங்கள்ல 5 சதவீதம் பேருக்கும் இருக்குன்னு காட்டும். ஒருத்தருக்கு பாசிடிவ் வந்தா நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு?

நான்: 95 சதவீதம்?

அக்கா: ஆயிரம் பேர்ல சுமார் 50 பேருக்குத் தப்பா பாசிடிவ் வரும். நிஜமா ஒருத்தர். 51ல ஒண்ணு. 2 சதவீதம்தான். பயந்துபோய் முன்னால உக்காந்திருக்கறவங்ககிட்ட நீ எந்த நம்பரைச் சொல்லப்போறங்கறது பெரிய விஷயம்.

அம்மா: எனக்கு ஒண்ணு கேக்கணும். பிணத்தை அறுக்கணுமா? இவன் பயந்துப்பானே.

அக்கா: சில இடத்துல அறுப்பாங்க, சில இடத்துல ஏற்கெனவே பிரிச்சு வெச்சதைப் பாக்கறது, சில இடத்துல மாதிரி உருவமும் கணினியும்தான் சித்தி. எங்களுக்கு உடல்தானம் செஞ்ச ஒருத்தர். முதல் நாள் பேசாம நின்னோம். அந்தக் கை விரல் நகத்தைப் பாத்ததும் எனக்குத் தொண்டை அடைச்சுது. யாருன்னே தெரியாத என்னை நம்பித் தன் உடம்பைக் குடுத்திருக்கார். அன்னிக்கு அப்புறம் ஒரு வகுப்புக்கும் படிக்காம போனதில்ல.

தாத்தா: நானும் அப்படி எழுதி வெக்கலாம்னு நினைக்கிறேன். அதை அப்புறம் பேசலாம். பேராண்டி, நீ சேருப்பா.

சித்தப்பா: அக்கா சொன்ன அந்தப் பட்டியலை நாளைக்கு நானும் அவனும் உக்காந்து போடறோம். எந்தப் படிப்பு எதைக் கேக்குதுன்னு ஒவ்வொண்ணா பாத்துடறோம். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி முடிச்சுடலாம்.

அம்மா: ரொம்ப நன்றி தம்பி.

(இரவு 11:40)

நான்: அக்கா, தூங்கிட்டியா? தாத்தா இருமல் விஷயத்தைப் பாக்காம வரைஞ்சு பாத்தேன். போட்டோ அனுப்பறேன்.

நான்: 📷 படம்

அக்கா: இன்னும் தூங்கலடா. ஏசிஇல இருந்து ரெண்டு அம்பு போட்டிருக்க, அருமை. ஆனா ஆஞ்சியோடென்சின்-1ஐ உருவாக்கற ரெனின்ங்கற நொதியைக் கல்லீரல்ல வெச்சிருக்க. அது சிறுநீரகத்துல இருந்து வரும். கல்லீரல் தர்றது ஆஞ்சியோடென்சினோஜென், ரெனின் வெட்டற மூலப்பொருள். சிவப்புப் பேனா எடு.

நான்: எடுத்துட்டேன்.