புதுப்பிப்பு: அக்ரிலிக் தொட்டியின் கீறல் போய்விட்டது

என் அக்ரிலிக் மீன்தொட்டியில் விழுந்த கீறலை என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாசி தேய்த்த ஸ்பாஞ்சில் சிக்கிய மணல்தான் காரணம். அக்ரிலிக் என்பது ஒருவகை பிளாஸ்டிக், கண்ணாடியைவிட மென்மையானது, கீறல் விழ ஒரு துகளே போதும்.

வெளிப்பக்கக் கீறலை நேற்று சரிசெய்தேன். வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) 800, 1000, 1500, 2000 என்று சொரசொரப்பு குறையும் வரிசையில் மாற்றி, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். முதல் தாளிலேயே அந்த இடம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட, வயிறு கலங்கிப்போனது. கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷ் போட்டுத் துடைத்ததும் நியான் டெட்ரா மீனின் நீலக்கோடு பளிச்சென்று தெரிந்தது!

உள்பக்கம் இரண்டு மெல்லிய கோடுகள் உண்டு. தண்ணீர் நிறைந்திருந்தால் கண்ணில் படுவதில்லை, விட்டுவிட்டேன். அப்புறம், அம்மோனியா கலந்த கிளீனரை மட்டும் தொடாதீர்கள். அக்ரிலிக்கில் நுண்ணிய வெடிப்பு விழும்.