ரியோ டின்டோ கரியையும் யுரேனியத்தையும் கைகழுவியது சரியா?

கணக்குப்பிள்ளை
இன்று ரியோ டின்டோ என்ற பிரிட்டிஷ்-ஆஸ்திரேலியச் சுரங்கக் கம்பெனி என்றால் இரும்புத்தாதும் செம்பும்தான் பேச்சு. 2000-களில் கதை வேறு. 'எனர்ஜி' என்று தனிப் பிரிவே வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நிலக்கரி; நமீபியாவில் ரோசிங், ஆஸ்திரேலியாவில் ரேஞ்சர் என்று யுரேனியச் சுரங்கங்கள். அனல்மின் நிலையக்காரரும் அணுமின் நிலையக்காரரும் ஒரே கடையில் சரக்கு வாங்கலாம். சீனா வளர வளர இவர்களும் வளர்ந்தார்கள். 2007-ல் யுரேனியம் பவுண்டுக்கு 130 டாலரைத் தாண்டியது.

அப்புறம் என்ன ஆனதோ, ஒவ்வொன்றாக விற்க ஆரம்பித்தார்கள். 2017-ல் ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கு நிலக்கரிச் சுரங்கங்கள் யான்கோல் என்ற கரிக் கம்பெனிக்கு, 269 கோடி அமெரிக்க டாலருக்கு. 2018-ல் ஹெயில் கிரீக் சுரங்கம் கிளென்கோர் என்ற சுவிஸ் சுரங்கக் கம்பெனிக்கு, கெஸ்ட்ரல் சுரங்கம் இன்னொரு கூட்டணிக்கு. அத்தோடு நிலக்கரிக்கு முழுக்கு. 2019-ல் ரோசிங் சீன அரசு நிறுவனத்துக்குப் போனது. கைமேல் வாங்கிய காசு வெறும் 65 லட்சம் டாலர். மீதி 10 கோடி வரை வருவது பின்னால் யுரேனிய விலை, லாபத்தைப் பொறுத்து.

நடந்தது என்ன? 2022-ல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுக நிலக்கரி டன் 400 டாலரைத் தாண்டியது. அந்த ஒரே வருஷத்தில் யான்கோலின் நிகர லாபம் சுமார் 360 கோடி ஆஸ்திரேலிய டாலர். வாங்கிய விலையை ஏறக்குறைய ஒரே வருஷத்தில் எடுத்துவிட்டான். 2024 ஜனவரியில் யுரேனியமும் 100 டாலருக்கு மேல். கறவை மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள் என்பது என் கட்சி.

வெள்ளாமை
கணக்குப்பிள்ளை சார், வரவுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பேரேட்டை மூடிவிட்டீர்கள். முதலில் ஒரு திருத்தம்: யான்கோலுக்கு வேறு சுரங்கங்களும் உண்டு. 360 கோடி முழுவதும் ரியோ விற்ற சுரங்கங்களிலிருந்து வந்ததல்ல. அடுத்து, 2022 விலை உக்ரைன் போரால் வந்தது. 2017-ல் கையெழுத்துப் போட்டவர் அதை எப்படிக் கணிப்பார்? ஜோசியரா?

மொசாம்பிக்கை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2011-ல் ரிவர்ஸ்டேல் என்ற கம்பெனியைச் சுமார் 370 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். கரி தரையடியில் இருந்தது, கடலுக்குக் கொண்டுபோகத்தான் வழியில்லை. ஜாம்பேசி ஆற்றில் பார்ஜ் (தட்டைச் சரக்குப் படகு) விட்டு இறக்கிவிடலாம் என்று திட்டம்; அந்நாட்டு அரசு அனுமதி தரவில்லை. இருந்த ரயில் பாதையிலும் போதிய இடமில்லை. 2013 ஜனவரியில் அதில் 300 கோடி டாலரை நட்டம் என்று எழுதினார்கள், தலைமை நிர்வாகி டாம் அல்பனீஸ் பதவி விலகினார். அடுத்த வருஷம் 5 கோடிக்கு விற்றார்கள். சூடு பட்ட பூனை அடுப்படிக்குப் போகாததில் என்ன ஆச்சரியம்?

கணக்குப்பிள்ளை
திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மொசாம்பிக் வாங்கிய விதத்தில் நடந்த தப்பு. ஓடிக்கொண்டிருந்த ஹன்டர் சுரங்கத்தை விற்க அது காரணமாகாது. 'விலையைக் கணிக்க முடியாது' என்றால், அப்படிப்பட்ட சரக்கை விற்காமல் வைத்திருப்பதுதானே விவரம்? கிளென்கோர் வைத்திருந்தது. 2022-ல் அதன் செயல்பாட்டு லாபம் 3,400 கோடி டாலர். பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்துதான்.

தூத்துக்குடி மாலுமி
அண்ணாச்சிமாரே, நடுவில் வருகிறேன், கோபிக்க வேண்டாம். 2007-ல் நான் ஒரு பல்க் கேரியரில் (கரி, தாது ஏற்றும் கப்பல்) நான்காவது இன்ஜினியர். நியூகாசிலுக்குக் கரி ஏற்றப் போனோம். அந்த ஜூன் மாதப் புயலில் பாஷா பல்கர் என்ற கப்பல் அங்கே நாபிஸ் கடற்கரையில் தரைதட்டி, ஜூலை 2-ம் தேதிதான் இழுத்து மிதக்கவிட்டார்கள். நாங்கள் போனது அதற்கப்புறம். அப்போதும் கடலில் கண்ணுக்கெட்டிய வரை கப்பல்கள். ராத்திரியில் பார்த்தால் திருவிழாக் கடைத்தெரு மாதிரி வரிசையாக விளக்கு. மூன்று வாரம் நங்கூரத்தில் கிடந்தோம். கடைசியில் முறை வந்ததும் ஒன்றரை நாளில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்! பிறகு கேபின் ஏசி வடிகட்டியைக் கழுவினால் வாளித் தண்ணீர் மைக்கூடு மாதிரி ஆனது.

சொல்ல வந்தது இதுதான். அந்தக் கரியைத் தோண்டியது ரியோவா வேறு யாராவதா என்று கப்பலில் ஒருவருக்கும் தெரியாது. சுரங்க வாசலில் பெயர்ப்பலகை மாறியதால் ஒரு கப்பல்கூடக் குறையவில்லை. 'எங்களிடம் நிலக்கரியே இல்லை' என்று அவர்கள் பெருமையடித்துக்கொள்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

வெள்ளாமை
மாலுமி சொல்வது சரி, அந்தப் பெருமைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நான் சொல்வது காசுக் கணக்குதான்.

பெர்த்வாசி
காசுக் கணக்கு என்றால் ரேஞ்சரைப் பேசுங்கள். கக்காடு தேசியப் பூங்கா சுற்றிலும் இருக்க, நடுவில் ஒரு யுரேனியச் சுரங்கம். ஈஆர்ஏ என்ற கம்பெனி நடத்தியது, அதில் ரியோவுக்குப் பெரும்பங்கு. 1980-களின் தொடக்கத்திலிருந்து நாற்பது வருஷம் விற்றார்கள். 2021 ஜனவரியில் ஆலையை நிறுத்தினார்கள். இனி அந்த இடத்தைப் பூங்காவோடு சேர்க்கும் நிலைக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கழிவுச் சேற்றைக் குழியில் போட்டு மூடி, குறைந்தது 10,000 வருஷம் வெளியே கசியாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் வயதுதான், யோசித்துக்கொள்ளுங்கள்.

செலவு முதலில் சுமார் 100 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்றார்கள். 2022-ல் 160 முதல் 220 கோடி என்றார்கள். அதுவும் போதவில்லை. ஈஆர்ஏவிடம் காசு தீர்ந்து, 2024-ல் புதுப் பங்கு வெளியிட்டபோது பெரும்பாலும் ரியோதான் வாங்கியது. இப்போது 98 சதவீதத்துக்கு மேல் அவர்கள் கையில். பக்கத்திலேயே ஜபிலுகா என்று இன்னொரு பெரிய யுரேனியப் படிவு உண்டு. மண்ணுக்குரிய மிரார் பழங்குடி மக்கள் 1990-களிலிருந்து ஒரே பிடியாக எதிர்த்து நின்றார்கள், யுரேனியம் எடுக்கவே முடியவில்லை. 2024-ல் குத்தகையும் புதுப்பிக்கப்படவில்லை.

கணக்குப்பிள்ளை
சரி, ரேஞ்சரை விட்டுவிடுகிறேன். ஆனால் ரோசிங்? 2026-ல் ஆயுள் முடிகிறது என்று சொல்லி விற்ற சுரங்கம். வாங்கிய சீனர்கள் 2036 வரை நீட்டித்துவிட்டார்கள். அதே குழி, அதே தாது. ஒரு 1,000 மெகாவாட் அணு உலைக்கு வருஷத்துக்குச் சுமார் 200 டன் யுரேனியம் போதும்; அதே மின்சாரத்தை நிலக்கரியில் எடுக்க 30 லட்சம் டன்னாவது வேண்டும். இப்படிப்பட்ட சரக்கை விட்டது தொலைநோக்கா?

வெள்ளாமை
அந்த 200 டன் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். ரோசிங் தாதில் டன்னுக்குச் சுமார் 300 கிராம்தான் யுரேனியம். ஒரு லாரி கல்லை அரைத்து, அமிலத்தில் ஊறவைத்துப் பிரித்தால் சில படி தூள். மீதி முழுவதும் கழிவு. குழி மூன்று கிலோமீட்டர் நீளம், 390 மீட்டர் ஆழம். இதை மூடும் செலவு யார் தலையில்? சுரங்கத்தை வாங்கியவர் தலையில். 65 லட்சத்துக்கு விற்றார்களே என்று நீங்கள் அங்கலாய்க்கிறீர்கள். ரேஞ்சரைப் பார்த்தபிறகு, அந்தப் பொறுப்பை இறக்கிவைக்கவே விற்றார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை
ஊகத்துக்கு நான் பதில் சொல்ல முடியாது. பத்து வருஷ உற்பத்தியைத் தானம் கொடுத்தார்கள் என்பதில் நான் மாறவில்லை.

தூத்துக்குடி மாலுமி
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மொசாம்பிக் சுரங்கத்தை அந்த 5 கோடிக்கு வாங்கியது ஐசிவிஎல். உருக்குக் கம்பெனி செயில், கோல் இந்தியா எல்லாம் சேர்ந்த நம்ம அரசுக் கூட்டணி. ரயில் பாதை அதே பாதைதான். அந்தக் கணக்கை யாராவது எடுத்துப் போடுங்கள், சண்டையை அங்கே வைத்துக்கொள்வோம்.