புதுப்பிப்பு: டெபியனில் ஆர்ம்64 தொகுப்பும் அதன் சார்புகளும்

ஏஎம்டி64 செயலி கொண்ட கணினியில், ஆர்ம்64 என்ற வேறு வகைச் செயலிக்கான டெபியன் (லினக்ஸ் இயங்குதளம்) மென்பொருள் தொகுப்பை உருவாக்கும்போது, இடையில் நிரல் எழுதித் தரும் கருவி ‘எக்ஸெக் ஃபார்மேட் எரர்’ (இந்தக் கணினியில் ஓடாத வடிவிலான நிரல் என்ற பிழை) என்று நின்றுவிடுவதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன், அது தீர்ந்துவிட்டது.

பில்ட்-டிபென்ட்ஸில், அதாவது தொகுப்பை உருவாக்கத் தேவையான பிற தொகுப்புகளின் (சார்புகளின்) பட்டியலில், வெறும் பெயராக எழுதப்படும் சார்பு, டெப்_ஹோஸ்ட்_ஆர்க் என்ற மாறி குறிக்கும் கட்டமைப்புக்கே (செயலி வகைக்கே), அதாவது தொகுப்பு பின்னர் ஓடவிருக்கும் கணினிக்கே தேடப்படுகிறது. இணைக்கப்படும் நூலகத்துக்கு அதுவே சரி. ஆனால் உருவாக்கத்தின் நடுவே ஓட வேண்டிய கருவி டெப்_பில்ட்_ஆர்க் மதிப்புக்கு, அதாவது உருவாக்கம் நடக்கும் கணினியின் கட்டமைப்புக்கு, உரியதாக இருக்க வேண்டும் என்பதால், அதன் பெயருக்குப் பின் ‘:நேட்டிவ்’ சேர்த்தேன்.

கருவியின் வெளியீடு எல்லாக் கட்டமைப்புகளிலும் ஒன்றே என்றால், அதன் தொகுப்பிலேயே ‘மல்டி-ஆர்க்: ஃபாரின்’ (எந்தக் கட்டமைப்புக்கான பதிப்பும் சார்பை நிறைவேற்றும் என்ற குறிப்பு) எனக் குறிப்பதே மேல் என்பேன், ஏனெனில் அதைச் சார்ந்த மற்றத் தொகுப்புகளைத் தனித்தனியே திருத்த வேண்டியிராது. ‘:நேட்டிவ்’, ‘மல்டி-ஆர்க்: ஃபாரின்’ இரண்டையும் ஒரே கருவிக்கு ஒருசேரப் பயன்படுத்தினால் சார்பு நிறைவேறாது என்பதை மட்டும் கவனிக்கவும்.