பூங்கா சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

பழையகோப்பு:
நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "பூங்கா சாவியைக் குடியிருப்போர் சங்கத்திடம் கொடுத்துவிட்டு நகராட்சி ஒதுங்கிக்கொள்ளட்டும், பகுதி தானாகச் சீராகிவிடும்." சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நகராட்சி அலுவலகத்தில் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஊஞ்சல் சங்கிலி அறுந்து ஒரு குழந்தைக்கு அடிபட்டால் வழக்கு யார் மேல் வரும்? சங்கச் செயலாளர் மேலா? சொத்து யாருடையதோ அவர்களிடம்தான் சாவி.

நிழல்மரம்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கூச்சம் வேண்டாம். நகராட்சி மரக்கன்று நட்டது, படம் எடுத்தது, போனது. கன்று வேர் பிடிக்க முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் வேண்டும். அதை ஊற்றியது நாங்கள். எப்படி? காவலாளி வரும்வரை காத்திருக்க முடியாமல் சுவர் ஏறிக் குதித்து, குடத்தைக் கை மாற்றி. சாவி இல்லையே!

பழையகோப்பு:
சுவர் ஏறிக் குதித்ததை எழுத்தில் ஒப்புக்கொண்டதற்கு நன்றி. இவர்களிடம்தான் சாவியைக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

தெருமுனை:
பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரில் 1989 முதல் மக்களே வட்டாரம் வட்டாரமாகக் கூடி நகராட்சிப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுத்தார்கள். குடிநீர், கழிவுநீர் வசதி இல்லாத ஏழைப் பகுதிகளுக்கு முன்னுரிமை கிடைத்தது. ஒரு நகரம் பணத்தையே மக்களை நம்பி விட்டது. நீங்கள் ஒரு சாவிக்கு உயிரை விடுகிறீர்கள்.

பழையகோப்பு:
பணம் முழுதும் இல்லை தம்பி. சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் போக, புதிய வேலைகளுக்கான பங்கை மட்டும்தான் மக்கள் பேசினார்கள். செய்ய முடியுமா என்று பார்த்தவர்கள் நகராட்சி ஆட்கள். கடைசி ஒப்புதல் மாமன்றத்துடையது. 2017ல் அதையும் நிறுத்தி வைத்தார்கள். அங்கே யாரும் பூங்கா சாவி கேட்டதாக நான் படித்ததில்லை.

தெருமுனை:
மேலே இருப்பவர் நினைத்தால் நிறுத்திவிடலாம் என்பதைத்தானே நானும் சொல்கிறேன்! அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969லேயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகப் பிரித்தார். உச்சிப் படி மக்கள் கட்டுப்பாடு. நீங்கள் மூன்றாவது படியைத் தாண்டமாட்டேன் என்கிறீர்கள், அதாவது தகவல் சொல்வதோடு சரி.

பழையகோப்பு:
ஏணி இருந்தால் நல்லதுதான், சுவர் ஏற உதவும். சாவி கிடைக்காது.

பொறுமைசாலி:
ஒரு சந்தேகம். சங்கம் என்றால் யார்? வீட்டு உரிமையாளர்கள் மட்டுமா, வாடகைக்கு இருப்பவர்களும் உண்டா? பூங்காவுக்குப் பின்னால் குடிசையில் இருப்பவர்கள்? இதை முடிவு செய்யாமல் சாவி யாருக்கு என்று எப்படிப் பேசுவது?

பழையகோப்பு:
அதெல்லாம் அப்புறம். முதலில் சாவிக்குப் பதில் வரட்டும்.

வாய்க்கால்:
இதற்கா இவ்வளவு சண்டை? கேட் சங்கிலியில் இரண்டு பூட்டை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துப் பூட்டுங்கள். எதைத் திறந்தாலும் சங்கிலி விடும். ஒரு சாவி நகராட்சிக்கு, ஒன்று சங்கத்துக்கு. கூடவே ஒரே பக்கத்தில் ஒப்பந்தம்: ஊஞ்சல், விளக்கு, காப்பீடு நகராட்சியின் பொறுப்பு, திறப்பதும் மூடுவதும், தண்ணீர், கூட்டுவது சங்கத்தின் பொறுப்பு. மாதம் ஒருமுறை இரு தரப்பும் சேர்ந்து சுற்றிப் பார்த்துக் குறை எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பழையகோப்பு:
இரண்டு பூட்டு போட்டால் இரண்டையும் திறக்க வேண்டும். இதுகூடத் தெரியாதா?

வாய்க்கால்:
கோத்துப் பூட்டினால் ஒன்று போதும் சார். வீட்டில் செய்து பாருங்கள்.

பழையகோப்பு:
எனக்கே பூட்டுப் பாடமா? சரி, ஒன்று போதும் என்றே வைத்துக்கொள்வோம். ராத்திரி திறந்துவிட்டுப் பூட்டாமல் போனது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

நிழல்மரம்:
பொறுப்பைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா? நாங்கள் வடிகால் ஓரம் அள்ளிய குப்பையை மூட்டை கட்டித் தெருமுனையில் வைத்தோம். லாரி அனுப்புகிறோம் என்றார்கள். வரவில்லை. நாய்கள் மூட்டையைக் கிழித்து வீதியெல்லாம் இழுத்துப் போட்டன. மறுவாரம் வந்தது லாரி இல்லை, குப்பை போட்டதற்கு எங்கள் பெயருக்கே நோட்டீஸ்!

பழையகோப்பு:
லாரியை எழுத்து மூலம் கேட்டீர்களா? போனில் சொன்னதெல்லாம் கணக்கில் வராது.

தெருமுனை:
எழுதிக் கொடுத்தால் "கோப்பு மேலே போயிருக்கிறது" என்பார்கள். அந்த வசனத்தை எழுதியவரே நீங்கள்தான் என்று நினைக்கிறேன். தெருவிளக்கு விவாதத்திலும் இப்படித்தான் எல்லாரையும் ஓட வைத்தீர்கள்.

பழையகோப்பு:
தெருவிளக்கு விவாதத்தில் ஜெயித்தது யார் என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

நிழல்மரம்:
ஜெயித்தீர்களா? எல்லாரும் தூங்கப் போய்விட்டோம்.

வாய்க்கால்:
சார், பூட்டைச் செய்து பார்த்தீர்களா?

பழையகோப்பு:
பார்க்க வேண்டிய அவசியமில்லை. அந்த இரண்டாவது பூட்டை யார் வாங்குவது, எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது, தொலைந்தால் யாரிடம் வசூலிப்பது? மூன்றுக்கும் வரிசையாகப் பதில் சொல்லுங்கள். அதுவரை நான் இங்கேதான் இருப்பேன்.